செல்லுக்குச் சொன்ன சொல்

கோழிச் செல்லுகளிடம் இரண்டு சொல் பேசக் கற்றுக்கொள்வதற்குத் தில்லைநாயகிக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. ஒன்று ‘போ’. மற்றது ‘வா’.

செல்லு என்று பண்ணைக்காரர்கள் சொல்வது கடுகில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சியை. பகலெல்லாம் கூண்டுக் கம்பியின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒண்டிக் கிடக்கும். விளக்கணைந்ததும் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்து, தூங்குகிற கோழியின் இரத்தத்தைக் குடித்துச் சிவந்து பருத்து, மறுபடி இடுக்குக்குள் போய்விடும். கோழிக்குத் தூக்கம் கெடும், கொண்டை வெளுக்கும், முட்டை குறையும், கடைசியில் இரத்தமில்லாமல் செத்தும் போகும். மருந்தடித்தே அதை ஒருவாறு அடக்கி வைத்திருந்தார்கள். முட்டைக்குள் மருந்தின் எச்சம் இருப்பது தெரிந்ததும் அரசாங்கம் அத்தனை செல்லு மருந்தையும் தடை செய்தது. அது நடந்து நான்கு வருடம். அதற்குள் நாமக்கல் பக்கம் செல்லு ஏறாத பண்ணையே இல்லை என்றாகிவிட்டது.

தில்லைநாயகி வேலை பார்த்தது கோவையில், ‘நாற்றங்கால்’ என்ற ஆய்வு நிறுவனத்தில். பூச்சிகள் வாசனையால் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்வது அவளுடைய படிப்பு. செல்லுகள் விடுகிற வாசனைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, அவற்றில் இரண்டைச் சோதனைக்குழாயில் செய்துவிட்டாள். ‘வா’ என்கிற வாசனை மூன்று மணி நேரத்தில் கரைந்துபோனது. ‘போ’ நாற்பது நாள் நின்றது. அதனால் நிறுவனம் ‘போ’வை எடுத்துக்கொண்டு, கூண்டில் கட்டுகிற வில்லையாகச் செய்தது.

முதல் சோதனைக்கு இடம் கொடுத்தவர் பரமத்தி சாலையில் பண்ணை வைத்திருந்த செங்கோட்டுவேல். நான்கு கொட்டகை, நாற்பதாயிரம் கோழி. அறுபதைத் தாண்டியவர், எதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடமாட்டார். வெள்ளை வில்லை ஒன்றைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். அவருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

“ஏனுங்க அம்மிணி, கொல்லாம அது எப்படிங்க போகும்?”

“ஒரு பொந்துல கூட்டம் அதிகமாயிட்டா உள்ள இருக்கற செல்லு ஒரு வாசனை விடும். இங்க இடமில்ல, வேற எடம் பாருங்கன்னு அர்த்தம். அந்த வாசனைதாங்க இந்த வில்லையில இருக்கு. கூண்டுல கட்டிவிட்டா, மொத்தக் கொட்டகையும் நெரம்பிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு அதுங்களாவே கெளம்பிடும்.”

“செல்லுன்னாலே போன்னுதானுங்களே அர்த்தம். அதுக்கும் ஒருத்தர் சொல்லோணுமாக்கும்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “கெளம்பி எங்கீங்க போகும்?” என்று கேட்டார்.

வெளியே போனால் வெயிலில் காய்ந்து செத்துவிடும் என்றாள் தில்லைநாயகி. அதை அவள் நம்பித்தான் சொன்னாள். ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே போன செல்லுகள் அப்படித்தான் செத்திருந்தன.

வில்லைகளைக் கட்டி ஐந்தாம் நாள் கூண்டுகள் சுத்தமாகிவிட்டன. மூன்றாவது வாரம் கொண்டைகள் சிவந்தன. தலையைச் சிலுப்பிச் சிலுப்பி நின்ற கோழிகள் இரையில் முனைந்தன. முட்டை ஓட்டில் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்த இரத்தக் கறை காணாமல் போயிற்று. செங்கோட்டுவேல் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து காட்டினார். கூண்டுக்குள் வெறுங்கையை விட்டு எடுத்து, ஒன்றும் ஊரவில்லை பாருங்கள் என்று நீட்டினார். அரசாங்கத்தின் ஒப்புதல் குழு அறிக்கையைப் படித்துவிட்டுத் தை மாதத்திலிருந்து எண்ணூறு பண்ணைகளுக்கு வில்லையைக் கொடுக்கலாம் என்கிற முடிவுக்கு வந்தது. கடைசிக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நிறுவனத்தின் இயக்குநர் வேதகிரி, தில்லைநாயகியின் மேசைக்கே வந்து கை குலுக்கினார்.

அப்போதெல்லாம் அவள் நன்றாகத் தூங்கினாள். பின்னால் அதை நினைத்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் மாதம் கணக்கெடுக்கப் பண்ணைக்குப் போன அன்று, செங்கோட்டுவேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. தீவனம் சேர்த்து வைக்கும் உயரத் தொட்டியின் ஏணியிலிருந்து முனிரத்தினம் என்ற வேலையாள் முந்தின நாள் காலையில் விழுந்துவிட்டான். தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். குடித்துவிட்டு ஏறியிருக்கிறான் என்று அவர் சொன்னார். ஒரு மாதமாகவே பண்ணையின் லைன் வீடுகளில் குடியிருக்கும் வேலையாட்கள் எல்லாரும் சிவந்த கண்ணோடு ஆடி அசைந்து வேலைக்கு வருவதாகவும், போதாக்குறைக்கு உடம்பெல்லாம் சொறி பிடித்திருப்பதாகவும், டவுனில் ஒரு தோல் டாக்டர் அதைச் சிரங்கு என்று சொல்லிவிட்டதாகவும் அடுக்கிக்கொண்டே போனார். கோழிக்கு ஒட்டிக்கொள்ளும் முன் அங்கிருக்கும் பதினோரு குடும்பத்தையும் வெளியே அனுப்பிவிடப் போகிறாராம். மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருந்தார்.

சிரங்கு கோழிக்கு ஒட்டாது என்று சொல்ல வாயெடுத்த தில்லைநாயகி நிறுத்திக்கொண்டாள். சொறி என்ற சொல் அவளை எங்கோ உறுத்தியது. லைன் வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பதினோரு அறைகள் கொண்ட நீளமான ஓட்டுக் கட்டடம் அது. நான்காவது கொட்டகையிலிருந்து நாற்பது அடி தள்ளி, வேப்ப மரங்களின் நிழலில் இருந்தது. முனிரத்தினத்தின் மனைவி சாலம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகத் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அரூர்ப் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய கழுத்திலும் இடுப்போரத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவப்புத் தடிப்புகள் இருந்தன. சொறிந்து சொறிந்து சில இடங்களில் புண்ணாகியிருந்தது.

“அவரு குடிக்கறது இல்லீங்க மேடம்” என்றாள் சாலம்மா. யாரும் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிப் பழகிப்போயிருந்தாள். “தூக்கம்தான் இல்ல. படுத்தா அரிக்குது, எழுந்தா நின்னுடுது. ரெண்டு மாசமா இப்படித்தான். இந்த லைன்ல யாரு தூங்கறாங்க? டாக்டரு குடுத்த மருந்தைக் கழுத்துலேருந்து கால் வரைக்கும் பூசினோம். துணியெல்லாம் வேகவெச்சுத் தொவைச்சோம். நாங்கதான் அழுக்குன்னு சொல்றாங்க.”

தில்லைநாயகி அவளுடைய கையை வாங்கி விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தாள். சிரங்கு முதலில் வருவது அங்கேதான். அங்கே ஒன்றுமில்லை. அறைக்குள் வரலாமா என்று கேட்டாள். கைப்பையிலிருந்து ஒட்டும் டேப்பை எடுத்து, கட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவர் வெடிப்பின் மேல் அழுத்திப் பிய்த்தாள். டேப்பை வெளிச்சத்தில் பிடித்தபோது சாம்பலும் சிவப்புமாகப் புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகளுக்குக் கால் இருந்தது.

வெயிலில் சாகவில்லை. நாற்பது அடி நிழலில் நடந்து, அடுத்த இளஞ்சூட்டைத் தேடி வந்து சேர்ந்திருந்தன. அவள்தான் போகச் சொன்னாள், அவை போயிருந்தன.

என்ன பூச்சி என்று சாலம்மா கேட்டாள். தில்லைநாயகி மற்றப் பத்து அறைகளிலும் டேப் ஒட்டி எடுத்துக்கொண்டாள். சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

கோவையில் சோதனை இரண்டே நாளில் முடிந்துவிட்டது. பதினோரு அறைகளிலிருந்தும் எடுத்த செல்லுகளின் வயிற்றில் இருந்தது மனித இரத்தம். செல்லு மனித இரத்தத்தில் பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தோலுக்குள் குடியிருக்கிற சிரங்குக்குப் போடும் மருந்து, சுவருக்குள் குடியிருக்கிற இதை ஒன்றும் செய்யாது. அவள் அறிக்கையை எடுத்துக்கொண்டு வேதகிரியின் அறைக்குப் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. முழுவதையும் படித்தார், இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வில்லை பொட்டலத்தின் மேல் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார்: குடியிருப்புகளிலிருந்து இருநூறு மீட்டருக்குள் பயன்படுத்தக் கூடாது.

“எந்தப் பண்ணையில சார் லைன் வீடு இருநூறு மீட்டர் தள்ளி இருக்கு?”

“நமக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனா வில்லையை இப்ப நிறுத்தினா எண்ணூறு பண்ணைக் கோழியும் சாகும் நாயகி. முதல்ல வெளியிடுவோம். மனுஷங்களுக்கு என்ன பண்ணலாம்னு அடுத்த வருஷம் பார்ப்போம்.”

“கோழிக்கு வலிச்சதை எடுத்து அவங்ககிட்ட குடுத்திருக்கோம் சார். அவ்வளவுதான் பண்ணியிருக்கோம்.”

அவர் அறிக்கையை மூடி அவள் பக்கம் தள்ளினார். ஒன்பது வருட உழைப்பை நீயே கிழிக்காதே என்பதைத்தான் வேறு வேறு விதமாகச் சொன்னார். அன்று மாலையே அவள் சோதனை முடிவுகளை ஒப்புதல் குழுவுக்குத் தன் பெயரில் அனுப்பினாள். அனுப்பிவிட்டு வேதகிரியிடமும் போய் அதைச் சொன்னாள். அடுத்த வாரம் குழு கையெழுத்தை நிறுத்தி வைத்தது. நிறுவனம் அவளையும் நிறுத்தி வைத்தது.

எழுதியது பெரிய காரியமாக அவளுக்குத் தோன்றவில்லை. சாலம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் பெரிதாக இருந்தது. பரமத்தி சாலையில் பேருந்தை விட்டு இறங்கி நடக்கும்போது மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் அவளைக் காப்பாற்றுகிற மாதிரியே இருந்தன. கடைசியில் லைன் வீட்டு வாசலில் கூடியிருந்த பெண்களுக்கு முன்னால் நின்று, கொட்டகையில் கட்டிய வில்லை தான் செய்தது என்றும், அது விரட்டிய செல்லுகள்தான் இங்கே வந்து அவர்களைக் கடிக்கின்றன என்றும், இது சிரங்கும் அல்ல, அவர்கள் அழுக்கும் அல்ல என்றும் சொன்னாள்.

யாரும் கத்தவில்லை. ஒருத்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். சாலம்மா குனிந்து முழங்கைத் தடிப்பை முந்தானையால் மூடினாள்.

“அவரு கீழ விழுந்தப்ப குடிகாரன்னு சொன்னாங்க. அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தாரு” என்றாள். அப்புறம் நிமிர்ந்தாள். “போகச் சொல்லத் தெரியுதில்ல? அப்ப வரச் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?”

தெரியும், ஆனால் நிற்காது என்றாள் தில்லைநாயகி. பிளாஸ்டிக் தட்டில் தடவி வைத்தால் மூன்று மணி நேரத்தில் வாசனை பறந்துவிடுகிறது, நாலு செல்லு வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது என்று விளக்கினாள். சாலம்மா பாதி கேட்டும் பாதி கேட்காமலும் எழுந்து அறைக்குள் போனாள். குளிர்சாதனப் பெட்டி ஆடாமலிருக்க அதற்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு முட்டை அட்டைகளைச் சொருகி வைத்திருந்தாள். மோட்டார்ப் பக்கம் எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும் இடம். மேல் அட்டையை நுனிவிரலால் உருவி வெளியே கொண்டுவந்து, வெயிலில் தட்டினாள். தவிட்டைக் கொட்டிய மாதிரி செல்லுகள் கொட்டின.

“நான் தினம் இதைத்தான் தட்டறேன். தட்டத் தட்ட வருது. சொவத்துல நூறு இருந்தா இதுல ஆயிரம் இருக்கும்.”

தில்லைநாயகி அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கூழ்க் காகிதம், வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மோட்டாரின் சூடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். முதலில் வந்து ஒண்டிய செல்லுகளே ‘வா’ என்று வாசனை விட்டு அடுத்தவற்றைக் கூப்பிட்டிருக்கின்றன. மனிதர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு தடவைதான். அதன்பின் செல்லுகளே சொல்லிக்கொள்ளும். ஒன்பது வருடமாக அவள் குளிரூட்டிய அறையில், வழவழப்பான தட்டில் வைத்துத் தேடியிருக்கிறாள்.

செங்கோட்டுவேலிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னார்கள். ‘வா’ வாசனை விட்ட அட்டையால் லைன் வீட்டுச் செல்லை இழுப்பது மட்டும் போதாது. கொட்டகையில் கட்டிய வில்லைகளையும் அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வருகிற செல்லும் லைன் வீட்டுக்கே நடக்கும். அவிழ்த்தால், கொட்டகையிலும் வைக்கிற அட்டை சரியாக வேலை செய்யும்வரை கோழிகளுக்கு ஆபத்துதான். அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தேறி வந்த கோழிகள் அவை.

“கோழி நல்லா இருக்கோணும்னுதானுங்க வில்லையைக் கட்டுனேன். ஆளைக் கடிக்கவிட்டுக் கோழியைக் காப்பாத்துங்கன்னு நான் உங்ககிட்ட கேக்குலீங்களே” என்றார். அவர் குரலில் கோபமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. மறுநாள் காலையில் தன் கையாலேயே முதல் வரிசை வில்லைகளை அறுத்துப் போட்டார். மாதக் கடைசிக் கெடுவைப் பற்றி அதன்பின் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் முனிரத்தினத்தின் கட்டிலருகே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார் என்பதைச் சாலம்மா சொல்லித்தான் தில்லைநாயகி தெரிந்துகொண்டாள். என்ன பேசினார் என்று கேட்டதற்கு, “தப்பாச் சொல்லிட்டேன் முனிரத்தினம்னாரு. அவ்வளவுதான். வேற பேச வரல அவருக்கு” என்றாள்.

வேலை தொடங்கியது. குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற சின்ன பல்பைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சுற்றி முட்டை அட்டையை மடித்துக் கட்டினார்கள். அட்டையில் தில்லைநாயகி, வீட்டில் மிச்சம் வைத்திருந்த ‘வா’ வாசனையைச் சொட்டு மருந்து மாதிரி இரண்டு சொட்டு விட்டாள். அறைக்கு இரண்டு பெட்டி. காலை ஒன்பது மணிக்கு அட்டைகளைக் கழற்றிக் கறுப்பு டிரம்முக்குள் போட்டு மூடி வெயிலில் வைத்தால் போதும். நாமக்கல் வெயில் மதியத்துக்குள் எல்லாவற்றையும் வறுத்துவிடும். முதல் நாள் டிரம்மின் அடியில் ஒரு கைப்பிடி செல்லு கிடந்தது. நான்காம் நாள் இரண்டு கைப்பிடி. சாலம்மா அதைத் தகர மூடியில் அள்ளிப் பார்த்துவிட்டு, இத்தனையும் எங்க இரத்தமா என்றாள்.

கொட்டகையில் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. கூண்டுக்குக் கூண்டு பெட்டி வைத்தும் இரண்டாம் வாரத்தில் மூன்றாவது கொட்டகையின் கொண்டைகள் வெளுக்கத் தொடங்கின. தில்லைநாயகி பயந்தே போனாள். பெட்டிகள் கூண்டின் தீவனத் தட்டுக்கு மேலே இருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தவளும் சாலம்மாதான். செல்லு கால் வழியாக ஏறுகிறது, கோழி நிற்கும் கம்பிக்குக் கீழே வையுங்கள் என்றாள். வைத்தார்கள். ஐந்தாறு நாளில் வெளுப்பு நின்றது. ஒரு மாதத்தில் நான்கு கொட்டகையிலும் கொண்டைகள் சிவந்தன. கொட்டகையை விட்டு ஒரு செல்லும் வெளியே நடக்கவில்லை என்பதை வாசலில் ஒட்டிவைத்த டேப்புகள் காட்டின.

இந்த ஒரு மாதத்துக் குறிப்பையும் அவள் ஒப்புதல் குழுவுக்கு அனுப்பினாள். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதினாள். முதலில் சாலம்மாவின் பெயர். குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு வேதகிரி தொலைபேசியில் கூப்பிட்டார். வில்லையைக் கைவிடுவது என்று நிறுவனம் முடிவு செய்துவிட்டது. குழு பெட்டிக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரலாம். கடைசியாக, “பொட்டலத்துல ஒரு வரி போதும்னு சொன்னேன், ஞாபகம் இருக்கு” என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. இந்தச் சேதியை நேரில் சொல்ல வேண்டும் என்று மறுநாள் விடியும் முன்பே பேருந்து ஏறிவிட்டாள்.

பத்தரை மணிக்கு லைன் வீட்டு முன்னால் போய் நின்றாள். வாசலில் ஒருவரும் இல்லை. குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன, தண்ணீர் பிடிக்க ஆள் இல்லை. பதினோரு கதவும் சாத்தியிருந்தன. ரேடியோச் சத்தம் இல்லை, அடுப்புப் புகை இல்லை, பேச்சுக்குரல் இல்லை. அனுப்பிவிட்டார்களா, இல்லை, பொறுத்தது போதும் என்று அவர்களே கிளம்பிப் போய்விட்டார்களா? எத்தனை மாதம்தான் ஒருவர் இரத்தம் கொடுப்பார்? சாலம்மாவின் ஜன்னல் ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

முனிரத்தினம் மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் நீட்டிப் போட்டு மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது, மார்பு நிதானமாக ஏறி இறங்கியது. பக்கத்தில் பாயில் சாலம்மா, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கழுத்துத் தடிப்புகள் காய்ந்து பழுப்பேறியிருந்தன. அடுத்த ஜன்னலிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். பதினோரு குடும்பமும், மாதக்கணக்கில் விட்டுப்போன தூக்கத்தை எல்லாம் சேர்த்து, வெயில் ஏறியது தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

தில்லைநாயகி ஓசைப்படாமல் பின்வாங்கி, கவிழ்த்து வைத்திருந்த முட்டைக் கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். சேதி எங்கேயும் போய்விடாது.

சற்று நேரத்தில் செங்கோட்டுவேல் வேகமாக வந்தார். மணி பதினொன்றாகப் போகிறது, நான்கு கொட்டகையிலும் முட்டை அப்படியே கிடக்கிறது, ஒரு ஆளைக் காணோம். லைன் வீட்டைப் பார்த்துக் கூப்பிட வாயைத் திறந்தவர், அவள் உதட்டின் மேல் விரலை வைத்ததைப் பார்த்து நின்றார். ஜன்னலோரம் போய் உள்ளே பார்த்தார். குறட்டையைக் கேட்டார். தலையைச் சொறிந்தபடி திரும்பி வந்தார்.

“அப்ப முட்டையை யாருங்க அம்மிணி பொறுக்கறது?”

“நாம ரெண்டு பேர் இருக்கமே” என்றாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு கூடையை எடுத்துக்கொண்டு முதல் கொட்டகைக்குப் போனார்கள். உள்ளே நுழையும்போது, “மெல்லப் பேசுங்க” என்றார் செங்கோட்டுவேல், பத்தாயிரம் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே.